நான்காவது எலுமிச்சம்பழம்

1987 ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள், காலை எட்டேகால் மணிக்குப் புது லாரி டிரைவர் வேலைக்கு வந்து சேர்ந்தார். பெயர் தேவராஜ், பூந்தமல்லிக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் ஸ்பிரிங் கம்பெனிக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முற்றத்தில் நின்ற லாரியில் ஏறினார். பின்னாலேயே ஓட்டிவந்து, லோடு ஏற்றும் மேடையை ஒட்டி நிறுத்தினார். மேடைக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது. பழகிய டிரைவரே இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த்தான் அப்படி நிறுத்த முடியும்.

நான் டெஸ்பாட்ச் கிளார்க். மேடையை ஒட்டிய அறையில், முற்றத்தைப் பார்த்த ஜன்னலருகே என் மேஜை. தேவராஜ் இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னால நின்னு சைடு சொன்ன அந்தம்மா யாரு சார்? கண்ணாடில பொடவ ஓரம் மட்டும்தான் தெரிஞ்சுது. சரியான எடத்துல ஒரே தட்டு. நல்ல கை."

நான் எட்டிப் பார்த்தேன். லோடுமேன்கள் இன்னும் டீக்கடையிலிருந்து திரும்பவில்லை. முற்றம் காலியாக இருந்தது. தரையில் மட்டும் துடைப்பம் இழுத்த கோடுகள், விசிறி விசிறியாக, லாரியின் பின்சக்கரம் வரை வந்து நின்றிருந்தன.

பெருக்குகிற அம்மாவாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவர் பெயர் சொர்ணம். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கள்ளிக்குப்பத்திலிருந்து நடந்தே வருவார். நானும் அப்போது அதே கள்ளிக்குப்பத்தில்தான் வாடகைக்கு இருந்தேன், ஆனால் அவரோடு சேர்ந்து நடந்ததில்லை. சைக்கிளில் தாண்டிப் போய்விடுவேன். கம்பெனியில் எல்லோரும் அவரை வா, போ என்றுதான் பேசுவோம். 'அவர்' என்று எழுதுவது எனக்கு இப்போதுதான் வருகிறது.

முற்றத்தில் லாரியை நகர்த்த ஒரு வழக்கம் உண்டு. டிரைவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, இன்ஜின் ஓடும்போது குரலும் கேட்காது. அதனால் பின்னால் நிற்பவர் லாரி பாடியை உள்ளங்கையால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். தட்டு விழுந்தால் டிரைவர் யோசிக்கக் கூடாது, அதுதான் முறை. கிளீனர் வராத நாட்களில் அந்த வேலையைச் சொர்ணம்தான் செய்தார். இடது கையில் துடைப்பம், வலது கை பாடியில். அவர் தட்டி ஒரு லாரி மேடையில் இடித்ததாக ஒரு நாளும் இல்லை.

1986 ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கும் வண்டிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கும் வேலை என்னுடையது. லாரி டிரைவர் கன்னியப்பன் காலையிலேயே லாரியைக் கழுவி, மாலை போட்டுத் தயாராக வைத்திருந்தார். பதினெட்டு வருடம் ஓட்டியவர், ஒரு சின்ன உரசல் கூடக் கிடையாது. நான் சந்தனக் கிண்ணத்தோடு லாரியைச் சுற்றி வந்தபோது, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்ற சொர்ணம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா கிளார்க்கே, பேனா புடிக்கிற கையில சந்தனமா? அந்தக் கையால நீ தட்டுனா லாரி இன்னா, ஈ கூட நவுராது."

லோடுமேன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு முள் அளவுதான். அதற்காகத்தான் எல்லாம் நடந்தது என்று எழுதக் கை கூசுகிறது.

பூஜை முடியும் நேரம். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. லாரி நகர்ந்து அவற்றை நசுக்க வேண்டும். ராகுகாலம் பிறக்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று மேனேஜர் அவசரப்படுத்தினார். எல்லோரும் முன்பக்கம் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஸ்பீக்கரில் நாதஸ்வரம். கன்னியப்பன் சீட்டில் ஏறி இன்ஜினைப் போட்டுவிட்டுத் தட்டுக்காகக் காத்திருந்தார்.

பின்பக்கம் நான் மட்டும். கை நிறையச் சந்தனம்.

இடது பின்சக்கரத்தின் அருகே ஒரு துடைப்பம் தரையில் கிடந்தது. அதைப் பார்த்தேன். துடைப்பத்தைத் தரையில் போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை சொர்ணம். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வேண்டியிருந்தது வேறு. என் கையால் அந்த லாரி நகர வேண்டும்.

தட்டினேன். இரண்டு தட்டு.

"போலாம்" என்று குரலும் கொடுத்தேன்.

லாரி நகர்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் மூன்று கேட்டது. நான்காவது பழம் உருண்டு உள்ளே போயிருக்கிறது. அதை எடுத்து நேராக வைக்கத்தான் சொர்ணம் சக்கரத்துக்கு முன்னால் குனிந்திருக்கிறார். அந்தப் பழம் அவர் கையிலேயே இருந்தது.

அவர் கத்தவில்லை. ஒரே ஒரு தட்டு தட்டினார், அடியிலிருந்து, பாடியில். நிறுத்து.

கன்னியப்பன் உடனே நிறுத்தினார். ஆனால் சக்கரம் இடுப்பின் மேல் ஏறிவிட்டிருந்தது.

ஓடி வந்தார்கள். தூக்கினார்கள். மேனேஜரின் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லோரும் கேட் பக்கம் ஓடிய அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் தட்டிய இடத்தில், பச்சை பாடியின் மேல், இரண்டு சந்தனக் கை பளிச்சென்று பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெரிந்தது. மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்டை எடுத்து அதைத் துடைத்தேன். முதலில் ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று எனக்குப் பெயர்.

நடந்ததை எழுதித் தரும்படி மேனேஜர் என்னைத்தான் கேட்டார். ஊத்துக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவதில் முதல் பரிசு வாங்கியவன் நான். இடம், நாள், பொருள் என்று வரிசையாக எழுதினேன். "எவரும் சைகை தராத நிலையில் ஓட்டுநர் தாமாகவே வண்டியை நகர்த்தினார்." எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. கன்னியப்பன் மட்டும் போலீஸ்காரரிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"ரெண்டு தட்டு வுழுந்துச்சி சார். எங்காதால கேட்டேன். தட்டாம நான் எட்த்ததே இல்ல."

யார் தட்டியது என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. கேஸ் அவர் மேல் விழுந்தது. கம்பெனி அவரை நிறுத்திவிட்டது.

எட்டாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குச் சொர்ணத்தைப் பார்க்கப் போனேன். நாலு சாத்துக்குடி வாங்கிப் போயிருந்தேன். வார்டு முழுக்க லோஷன் நாற்றம். அவர் முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"யாரு தட்டுனது?" என்று கேட்டார்.

"யாரும் தட்டல. கன்னியப்பன் அவரா எடுத்துட்டார்."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு தட்டு கேட்டுச்சே கிளார்க்கே. புதுக் கையா கீதேன்னு நெனைச்சேன். அதுக்குள்ள வந்துட்ச்சி."

அவர் பார்வை என் கைக்கு வந்தது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து இறந்துபோனார்.

அதற்குப் பிறகுதான் தேவராஜ் வந்தது, அந்த முதல் தட்டு விழுந்தது.

தினமும் விழ ஆரம்பித்தது. தேவராஜுக்கு முதலில் அது சந்தோஷம். பிறகு புரிந்துவிட்டது. லோடுமேன்கள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இறங்கி வந்து பின்பக்கம் பார்க்கிறதை நிறுத்திக்கொண்டார். லாரியைப் பின்னால் விடும்போது முன்கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு, தட்டு விழுந்ததும் நிறுத்திவிட்டு, வலது கையால் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தம்மா நல்லதுதான் செய்யுது சார் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். எப்போதும் ஒரே தட்டுதானாம். இரண்டு தட்டியதே இல்லையாம்.

எனக்கு அது தெரியும். இரண்டு தட்டு அவருடையது இல்லையே.

பட்டப்பகலில், லோடுமேன்கள் சாப்பிடப் போன ஒன்றரை மணிக்கு, முற்றம் வெயிலில் வெள்ளையாகக் கிடக்கும். பிரஸ் மெஷின்கள் நின்றிருக்கும். அந்த அமைதியில் துடைப்பச் சத்தம் வரும். சரக். சரக். நிதானமாக, கேட்டிலிருந்து தொடங்கி, லாரி நிற்கிற இடத்துக்கு வந்து நிற்கும். கூடவே ஒரு வாசனை. நசுங்கிய எலுமிச்சம்பழமும் டயர் ரப்பரும் கலந்த வாசனை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அதிலும் அதுதான் இருக்கும்.

ஜன்னலைச் சாத்தினேன்.

சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் கதவை ஒட்டி, யாரோ துடைப்பத்தை ஊன்றி நிற்கிற சத்தம் கேட்டது.

திட்டவில்லை, அழவில்லை. காத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

1988 மார்ச்சில் பூந்தமல்லி கோர்ட்டில் விசாரணை. முக்கிய சாட்சி நான். நான் உள்ளதைச் சொன்னால் கன்னியப்பன் விடுதலை ஆவார். சொல்லாவிட்டால் ஜெயில், லைசென்சும் போகும். முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். தட்டியது, துடைத்தது, பொய் எழுதியது, மூன்றையும். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

கோர்ட் வராண்டாவில் கன்னியப்பன் என்னிடம் வந்தார். இளைத்திருந்தார். சட்டையின் காலர் கழுத்தைச் சுற்றித் தொங்கியது. என் மேல் சந்தேகம் இருப்பதாக அவர் முகத்தில் எனக்குத் தெரியவில்லை. பின்னால் அன்றைக்கு யார் நின்றார்கள் என்று கொஞ்சம் நினைவுபடுத்திப் பார்க்கச் சொன்னார்.

"ஒரு பேரு போதும் சார். எனக்கு அது போதும்."

பார்த்ததைச் சொல்கிறேன் என்றேன்.

கூண்டில் ஏறினேன். யாராவது தட்டினார்களா என்று வக்கீல் கேட்டார். மேனேஜர் முன்வரிசையில் இருந்தார். என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், வாடகை வீடு எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்தன. பையிலிருந்த கடிதம் வியர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

"இல்லை" என்றேன்.

கன்னியப்பனுக்கு ஆறு மாதம் ஜெயில். லைசென்ஸ் ரத்து.

அன்று மாலை நாலு மணிக்குக் கம்பெனிக்குத் திரும்பினேன். நேராக லாரியின் பின்பக்கம் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கடிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்தேன். காற்று வந்தது. ஒரு துண்டு பறந்து லாரிக்கு அடியில் போய், இடது பின்சக்கரத்துக்கு முன்னால் கிடந்தது. அதில் என் கையெழுத்து இருந்தது. அதை விட்டுவிட்டுப் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

குனிந்தேன்.

எலுமிச்சம்பழ வாசனை.

முன்பக்கம் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. தேவராஜ் எப்போது ஏறி உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு தட்டு விழுந்தது.

சக்கரம் உருண்டு என் வலது பாதத்தின் மேல் ஏறியது. எலும்பு உடைவது முதலில் காதில்தான் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. கத்த வாய் திறந்தேன். அப்போது எனக்குப் பக்கத்தில், மிக அருகில், பாடியின் அடிப்பக்கத்தில், ஒரே ஒரு தட்டு.

லாரி நின்றது.

தேவராஜ் குதித்து ஓடி வந்து என்னை வெளியே இழுத்தார்.

"நீங்கதானே சார் தட்டுனீங்க? 'போலாம்'னு நீங்கதானே சொன்னீங்க? உங்க கொரலு எனக்குத் தெரியாதா?"

அவர் என்னைத் தாண்டி லாரியின் பின்பக்கம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"இன்னிக்கி இன்னா விசேஷம் சார்? யாரு சந்தனம் வச்சது?"

பச்சை பாடியின் மேல் இரண்டு கை. ஈரம் காயாத சந்தனம், ஐந்து விரலும் தெரிந்தது. அதற்கு ரொம்பக் கீழே, சக்கரத்தின் பக்கத்தில், தூசியில் பதிந்த இன்னொரு கை. சின்னக் கை. அது ஒன்றுதான்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்த முற்றத்தில் தங்கிப் போனது சொர்ணம் மட்டும் இல்லை. நான் தட்டிய தட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அது இன்னும் ஆள் தேடிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் அவர் தினமும் வந்து நின்றிருக்கிறார். என்னையும் காப்பாற்றியது அவர்தான். செத்தே போயிருந்தால் இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது.

பாதம் கோணலாகவே சேர்ந்தது. அதைச் சொல்லி வேலையை விட்டேன். எட்டு வருடம் எந்த வண்டியின் பின்பக்கமும் நிற்கவில்லை.

1996இல் என் மருமகன் வரதன் ஒரு மாருதி வேன் வாங்கினார். திருவேற்காட்டில் முதல் பூஜை போட வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். காலை பத்து மணி. கோயிலுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற மைதானம் நிறைந்திருந்தது. வெள்ளைத் தாடியோடு ஒருவர், கழுத்தில் விசில், தோளில் துண்டு, வண்டிகளைப் பின்னாலேயே வரவழைத்து வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். வா வா வா என்று சொல்லி, சரியான இடத்தில் பாடியில் ஒரே தட்டு.

அந்தக் கையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். கன்னியப்பன்.

ஓட்ட முடியாதவர், மற்றவர்கள் ஓட்டுவதற்குத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவரும் என்னைப் பார்த்தார். நொண்டிக்கொண்டு நான் பக்கத்தில் போகும்வரை நின்றார். காலுக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார். லாரி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பேரப்பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"கன்னியப்பன், அன்னைக்குத் தட்டினது நான்தான்."

பத்து வருடம் அடைத்துக்கொண்டிருந்தது, ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது. அவர் முகம் மாறவில்லை.

"தெரியும் சார்."

எப்படி என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"கூண்டுல ஏறுனதுலருந்து எறங்குற வரிக்கும் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கினு நின்னீங்க. அப்பவே தெரியும். சரி, நீங்களா ஒருநாள் வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். இங்கதான் கீறேன், எட்டு வருசமா. ஊடு கூட கிட்டதான்."

கள்ளிக்குப்பத்திலிருந்து திருவேற்காடு எத்தனை தூரம்? சைக்கிளில் வந்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது.

இரண்டு கையையும் எடுத்து அவரைக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கும்பிடை வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் தோளுக்கு மேலாக எங்கள் வேனைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே குருக்கள் கற்பூரம் காட்டி முடித்துவிட்டு நகர்ந்திருந்தார். வரதன் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். மகள் முன்பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். வேனின் பின்னால் யாரும் இல்லை.

"பின்னால யாரு சார் அது?" என்று கன்னியப்பன் கேட்டார்.

திரும்பினேன்.

என் இரண்டு கைகளும் கும்பிட்டபடியே, மார்புக்கு முன்னால், ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. கன்னியப்பன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேனின் பின்பக்கத்தில் இரண்டு தட்டு விழுந்தது.

வெள்ளைத் தகட்டின் மேல், எங்கள் இருவர் கண்ணெதிரிலும், ஐந்து விரலோடு சந்தனம் பூத்தது. முதலில் ஒன்று. பிறகு இன்னொன்று. சேர்த்து வைத்திருந்த என் உள்ளங்கைகளுக்கு நடுவில் ஜில்லென்று எதுவோ ஊறி, மணிக்கட்டு வழியாக வழிந்தது. வாசனையிலேயே தெரிந்தது. கையைப் பிரித்துப் பார்க்கவில்லை.

வேன் நகர்ந்தது.

ஒரு பழம் நசுங்கியது. இரண்டு. மூன்று.

நான்காவது சத்தத்துக்காக நானும் கன்னியப்பனும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். அது வரவில்லை. வேன் தள்ளிப் போன பிறகு, இடது பின்சக்கரம் இருந்த இடத்தில் பழம் இல்லை. புழுதியில் துடைப்பம் இழுத்த கோடுகள் மட்டும் இருந்தன, விசிறி விசிறியாக.